பாண்டிச்சேரி ஃப்ளாட்டை நாள் வாடகைக்கு விட்டுப் பார்த்ததில்: சனிக்கிழமை யாருக்கும் நிரம்பும்

பாண்டிச்சேரிப் பக்கம் ஃப்ளாட் வைத்திருப்பவர் யாரிடம் பேசினாலும் ஒரே கணக்கைத்தான் சொல்வார். "சனி ஞாயிறு மட்டும் விட்டாலே போதுங்க, மாச வாடகை மாதிரி ரெண்டு மடங்கு வந்துடும்." வரும், அதில் பொய் இல்லை. கைக்கு வந்த பணத்தில் மாசக் கடைசியில் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால்தான் பேச்சு மாறும். நான் சில வருஷமாக இதைச் செய்துகொண்டிருக்கிறேன், இன்னும் செய்யத்தான் போகிறேன், நஷ்டம் இல்லை. ஆனால் லாபம் வந்தது சனிக்கிழமையால் அல்ல, செவ்வாய், புதன் கிழமைகளால். அதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்லப் பார்க்கிறேன்.

வீடு இருப்பது கோட்டக்குப்பத்தில், ஈசிஆரிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற ஒரு தெருவில், இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை. அப்பா ரிட்டயர் ஆனதும் கடற்காற்றோடு இருக்கலாம் என்று வாங்கியது. அம்மாவுக்கு முட்டி வலி, பேரப்பிள்ளைகள் எல்லாம் சென்னையில், கொஞ்ச காலத்திலேயே இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள். நான் தாம்பரத்தில் இருக்கிறேன். அவசரம் என்று போன் வந்தால் போய்ச் சேர மூன்று மணி நேரம் ஆகும். இந்த மூன்று மணி நேரத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதியைப் படிக்க வேண்டும்.

முதலில் இடம். கோட்டக்குப்பம் பாண்டிச்சேரி இல்லை. முத்தியால்பேட்டை தாண்டியதும் எல்லை முடிந்துவிடுகிறது, அதற்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். ஊர்க்காரர்களுக்குத் தெரியும். பெங்களூரிலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வருகிறவருக்கு இது தெரியாது, அவருக்கு எல்லாமே "பாண்டி"தான். கரண்ட் தமிழ்நாடு மின்வாரியம், வரி கோட்டக்குப்பம் நகராட்சி, போலீஸ் தமிழ்நாடு போலீஸ். இதெல்லாம் என் தலைவலி, விருந்தினருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் அவர் தலையில் விழும். புதுச்சேரியில் விலை குறைவு என்று பாட்டில் வாங்கிக்கொண்டு ஜாலியாக வீட்டுக்கு வருவார்கள். வருகிற வழியில் மாநில எல்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது, வெளி மாநிலச் சரக்கோடு பிடிபட்டால் வழக்கு, வண்டியையும் எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு பையன் போன் செய்தான். "அண்ணா, ரூம் பாண்டில இருக்குன்னுதானே சொன்னீங்க? இங்க போலீஸ் வண்டியை நிறுத்திட்டாங்கண்ணா." நான் எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை, முகவரியில் கோட்டக்குப்பம் என்று எழுத்தில் இருந்தது. ஆனால் முகவரியை யார் படிக்கிறார்கள். அன்றிலிருந்து புக்கிங் உறுதியானதும் போகிற முதல் மெசேஜில் முதல் வரியே இதுதான்: வீடு தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிறது, புதுச்சேரியில் வாங்கியதை அங்கேயே முடித்துவிட்டு வாருங்கள், வண்டி ஓட்டாதீர்கள், ஆட்டோவில் வாருங்கள். இரண்டு பேர் இதைப் பார்த்துவிட்டு கேன்சல் செய்தார்கள். போகட்டும்.

இதே மாதிரி விளம்பரத்தில் இன்னும் சிலவற்றைப் பட்டவர்த்தனமாக எழுதிவிடுகிறேன். புதுச்சேரி கடற்கரையில் இருக்கும் காந்தி சிலைக்கு நாலு கிலோமீட்டர் போல வரும், நடந்து போக முடியாது. ஒயிட் டவுன் என்கிற பழைய பிரெஞ்சுப் பகுதியில் இருப்பது மாதிரி மஞ்சள் சுவர் வீடு இல்லை, சாதாரண அடுக்குமாடி. லிஃப்ட் உண்டு. விடியற்காலையில் பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு சொல்வது படுக்கையறையில் கேட்கும். இந்தக் கடைசி வரியை எழுதலாமா என்று வீட்டில் விவாதமே நடந்தது. கோட்டக்குப்பத்தில் முஸ்லிம் குடும்பங்கள் அதிகம், பாங்கு அந்த ஊரின் காலை. தெரியாமல் வந்தவர் தூக்கம் கெட்டது என்று மூன்று நட்சத்திரம் போட்டுவிட்டுப் போவார், தெரிந்து வந்தவர் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை. மறைத்து வைத்த குறை எல்லாம் ரிவ்யூவில் வந்து நிற்கும், சொல்லிவிட்ட குறைக்கு யாரும் மார்க் குறைப்பதில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். ஒரு சாதாரண மாதத்தை எடுத்துக்கொள்வோம், சீசனும் இல்லை, மழையும் இல்லை. நாலு வாரக் கடைசியும் நிரம்பிவிட்டது. எட்டு ராத்திரி, ராத்திரிக்கு 3,500 என்றால் 28,000 ரூபாய். இதுதான் எல்லோரும் சொல்கிற தொகை. புக்கிங் தளத்தின் கமிஷன் தளத்துக்குத் தளம் மாறும், ஏதோ ஒரு வழியில் 15 சதவீதம் போகிறது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 23,800. ஒவ்வொரு கூட்டமும் காலி செய்ததும் சுத்தம் செய்ய 600, சலவைக்கு 350, நாலு தடவைக்கு 3,800. கரண்ட் 3,500, ஏனென்றால் வாடகைக்கு வருகிறவர்கள் பீச்சுக்குப் போகும்போதும் ஏசியை ஓட விட்டுத்தான் போவார்கள். அசோசியேஷன் மெயின்டனன்ஸ் 2,500. இன்டர்நெட் 800. கேன் தண்ணீர், கேஸ், சோப்பு, டீத்தூள் வகையில் 1,200. வீட்டைப் பார்த்துக்கொள்கிறவருக்கு மாசம் 3,000. ரிப்பேருக்கு என்று தனியாக எடுத்து வைப்பது 3,000. கூட்டினால் 17,800. மீதி 6,000 ரூபாய்.

அதே வீட்டைக் குடும்பத்துக்கு மாச வாடகைக்கு விட்டால் 12,000 வரும். கரண்டும் மெயின்டனன்ஸும் அவர்களே கட்டுவார்கள். போன் வராது.

ஆக வாரக் கடைசி நாலும் நிரம்பினாலும் மாச வாடகையில் பாதிதான். இப்போது வார நாட்களில் எட்டு ராத்திரி 2,000 வீதம் போகிறது என்று சேருங்கள். கமிஷன் கழித்து 13,600. இந்த எட்டு ராத்திரியும் மூன்று புக்கிங்காக வந்தால், சுத்தமும் சலவையும் 2,850, கூடுதல் கரண்ட் 1,500, மிச்சம் 9,250. மொத்தம் 15,250 ஆகிறது, இப்போதுதான் மாச வாடகையைத் தாண்டுகிறோம். அதே எட்டு ராத்திரி எட்டு தனித்தனி ஆட்களாக வந்தால்? ஒவ்வொரு நாளும் துடைப்பம், ஒவ்வொரு நாளும் சலவை. மிச்சம் 4,500தான், மொத்தம் 10,500. பழையபடி மாச வாடகைக்குக் கீழே. ராத்திரி எத்தனை நிரம்பியது என்று மட்டும் பார்க்கிறவர்கள் கவனிக்காதது இதுதான். ஒரே ஆள் எத்தனை ராத்திரி தங்குகிறார் என்பதும் அதே அளவு முக்கியம். அதனால் என் வீட்டில் ஒரு ராத்திரி புக்கிங் கிடையாது, குறைந்தது இரண்டு. ஐந்து ராத்திரிக்கு மேல் என்றால் விலையைத் தாராளமாகக் குறைத்துவிடுவேன்.

சோஃபா, கட்டில், மெத்தை, இரண்டு ஏசி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், பாத்திரம், இன்வெர்ட்டர் என்று முதலில் மூன்று லட்சத்துக்குப் பக்கம் போனது. மேலே சொன்ன கணக்கில் மாசம் மூவாயிரத்துச் சொச்சம்தான் மாச வாடகையைவிடக் கூடுதல், அது மட்டும் வந்தால் மூன்று லட்சத்தைத் திரும்ப எடுக்க ஏழு வருஷத்துக்கு மேல் ஆகும், அதற்குள் ஏசி இரண்டும் துருப்பிடித்திருக்கும். டிசம்பர் கடைசி வாரமும் பள்ளி விடுமுறையும்தான் இதைக் காப்பாற்றுகின்றன.

வார நாளில் யார் வருவார்கள் என்று கேட்கிறார்கள். பாண்டிச்சேரியைச் சுற்றுலா ஊராக மட்டும் பார்த்தால் யாரும் வர மாட்டார்கள்தான். எனக்கு வந்தவர்களைச் சொல்கிறேன். ஜூலை, ஆகஸ்ட்டில் பிரான்ஸில் பள்ளி விடுமுறை. அங்கே குடியேறிய புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்கள் அப்போதுதான் ஊருக்கு வரும், கல்யாணம், காதுகுத்து எல்லாம் அந்த இரண்டு மாசத்தில் வைப்பார்கள். சொந்தக்காரர் வீட்டில் எல்லோருக்கும் இடம் இருக்காது, பிள்ளைகளுக்கு ஏசி வேண்டும், வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும், வாஷிங் மெஷின் வேண்டும். மூன்று வாரம் என்று கேட்பார்கள். ராத்திரிக்கு 1,600 என்று கொடுத்தாலும் 21 ராத்திரிக்கு 33,600, வாரம் ஒருமுறை விரிப்பு மாற்றினால் போதும். இவர்கள் வீட்டைச் சொந்த வீடு மாதிரி வைத்திருப்பார்கள், போகும்போது ஃப்ரிட்ஜைத் துடைத்துவிட்டுப் போன குடும்பம் கூட உண்டு.

அப்புறம் அரவிந்தர் ஆசிரமத்துக்கு வருகிறவர்கள். பிப்ரவரி 21 அன்னை பிறந்த நாள், ஏப்ரல் 24, ஆகஸ்ட் 15 அரவிந்தர் பிறந்த நாள், நவம்பர் 24, இந்த நாட்களில் தரிசனம். வங்காளத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வயதானவர்கள் வருவார்கள், ஆசிரம விடுதிகள் நிரம்பியிருக்கும். வந்தால் நாலைந்து நாள் இருப்பார்கள், ராத்திரி ஒன்பது மணிக்கு விளக்கு அணைந்துவிடும். அவர்களுக்கு வேண்டியது சமைக்க அடுப்பும் ஒரு நல்ல ஆட்டோக்காரர் நம்பரும். ஆகஸ்ட் 15-க்கு பெங்களூர் கூட்டம் கூடுதல் விலை கொடுக்கும், அதுவும் வெள்ளியோ திங்களோ வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், ஆனாலும் நான் அந்த வாரத்தை முடிந்தவரை ஆசிரமக்காரர்களுக்குத்தான் விடுகிறேன். இதில் பக்தி ஒன்றும் இல்லை, மேலே சொன்ன சலவைக் கணக்குதான்.

மூன்றாவது, கோரிமேட்டில் இருக்கும் ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள். வீட்டில் ஒருவருக்கு ஆபரேஷன், பத்துப் பதினைந்து நாள் ஊரில் இருந்தாக வேண்டும், லாட்ஜ் அறையில் கஞ்சி வைக்க முடியாது. இவர்கள் தளத்தில் தேடி வருவது குறைவு, பெரும்பாலும் ஒருவர் சொல்லி இன்னொருவர் வருவார். விலையைப் பேசிக் குறைப்பார்கள், குறைத்துக்கொடுப்பேன். இவர்கள் விஷயத்தில் எனக்கு நானே வைத்துக்கொண்ட ஒரு விதி, புக் செய்த தேதிக்கு முன்பே போக வேண்டி வந்தால் மீதியைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், வாதாட மாட்டேன். எந்தக் காரணத்துக்காக முன்பே கிளம்புகிறார்கள் என்பது தெரியாது, அதைக் கேட்கவும் கூடாது.

ஒரு மாசத்துக்கு மேல் யாராவது கேட்டால் சும்மா வாய்ப்பேச்சில் விடாதீர்கள். தமிழ்நாட்டில் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் எழுத்தில் ஒப்பந்தம் கேட்கிறது. ஒரு வக்கீலிடம் காட்டி எழுதிக்கொள்வதற்கு ஆகும் செலவு, பின்னால் காலி செய்யாமல் இழுக்கிறவரோடு மல்லுக்கட்டுவதற்கு முன் ஒன்றுமே இல்லை.

இப்போது முக்கியமான ஆள். பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு அக்காதான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். ஊரில் எல்லோரும் கேட்பது கேமரா வைத்திருக்கிறாயா, ஸ்மார்ட் பூட்டு வைத்திருக்கிறாயா என்று. வீட்டுக்குள் கேமரா வைக்கக் கூடாது, ஏர்பிஎன்பி என்கிற புக்கிங் தளம் 2024 ஏப்ரல் 30-லிருந்து உள்ளே எந்த இடத்திலும் கேமராவே கூடாது என்று ஆக்கிவிட்டது, வைக்கிற எண்ணமும் வேண்டாம். அக்காவுக்குக் கேமரா தேவையில்லை. "தம்பி, நாலு பேருன்னு சொன்னீங்க. ஏழு டம்ளர் அலசியிருக்காங்க, குளியலறையில ஆறு ஈரத்துண்டு தொங்குது. நேத்து ராத்திரி யாரோ சோஃபாவுல படுத்திருக்காங்க, மெத்தையை கீழ இழுத்த தடம் தரையில இருக்கு." அவ்வளவுதான், இதற்கு மேல் என்ன வேண்டும். நான் விருந்தினருக்கு மெசேஜ் போடுவேன்: கூடுதல் ஆளுக்கு 500 என்று விதியில் இருக்கிறது, மூன்று பேருக்குச் சேர்த்து அனுப்பிவிடுங்கள். பாதிப் பேர் அனுப்பிவிடுவார்கள். மீதிப் பாதிக்கு ரிவ்யூவில் உள்ளதை எழுதிவிடுவேன்.

அவருக்கு மாசச் சம்பளம் தனி, ஒவ்வொரு சுத்தத்துக்கும் தனி. சுத்தம் முடிந்து போட்டோ வந்ததும் அதே நிமிஷம் ஜிபே செய்துவிடுவேன், மாசக் கடைசி வரை வைத்திருப்பதில்லை. நோன்பு மாசத்தில் அவருக்கு நேரம் மாறும். காலையில் வந்து மதியத்துக்குள் முடித்துவிடுவார், சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரத்தில் சாவி கொடுக்க வர முடியாது. அந்த மாசம் செக் அவுட்டைப் பத்து மணிக்கு முன்னால் இழுத்துவிடுவேன், சாவியை நம்பர் பூட்டுப் பெட்டியில் வைத்துவிடச் சொல்வேன். பெருநாள் அன்று புக்கிங் எடுப்பதே இல்லை. பத்து நிமிஷத் தூரத்தில் நம்பகமான ஒரு ஆள் கிடைக்காவிட்டால் இந்தத் தொழிலைத் தொடவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். வீட்டை மொத்தமாக எடுத்து நடத்தித் தருகிறோம் என்று கம்பெனிகள் வருகின்றன, அவர்கள் பங்கு போக என்ன மிஞ்சும் என்று மேலே உள்ள 15,250-ல் வைத்துப் பாருங்கள்.

அசோசியேஷன் விஷயத்தில் ஒளிவு மறைவு உதவாது. செகரட்டரியிடம் முதலிலேயே போய்ச் சொல்லி, கூட்டத்தில் வைத்து, என்னென்ன நிபந்தனை என்று எழுதி வாங்கிக்கொண்டேன். ராத்திரி பத்துக்கு மேல் பாட்டு இல்லை, மொட்டை மாடிக்கு விருந்தினர் போகக் கூடாது, ஒரு கார்தான், மாசம் கூடுதலாகக் கொஞ்சம் மெயின்டனன்ஸ். எதிர்த்தவர்களும் இருந்தார்கள். கீழ் வீட்டில் இருப்பவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் பெரியவர், அந்த ஊர் வழக்கில் சொல்தா. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், "சத்தம் வந்தா நான் யாருக்குப் போன் போடணும்?" என் நம்பரையும் அக்கா நம்பரையும் கொடுத்தேன். இதுவரை அவர் போன் செய்த ஒவ்வொரு தடவையும் பத்து நிமிஷத்தில் பாட்டு நின்றிருக்கிறது, அதனால்தான் அடுத்த கூட்டத்தில் அவர் எனக்கு எதிராகப் பேசவில்லை. சில குடியிருப்புகளில் பைலாவிலேயே நாள் வாடகை கூடாது என்று இருக்கும், அங்கே ஃப்ளாட் வைத்திருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

கல்யாணமாகாத ஜோடி வந்தால் விடுவாயா என்றும் கூட்டத்தில் கேட்டார்கள். இருவரும் 18 தாண்டியவர்கள், இருவருடைய அடையாள அட்டையும் இருக்கிறது, அதற்கு மேல் எனக்கு வேலை இல்லை என்றேன். முகம் சுளித்தார்கள். உண்மையைச் சொன்னால், வீட்டைக் கெடுக்காமல் விட்டுப் போகிறவர்களில் ஜோடிகள் முதல் இடம்.

கடல் பக்கத்து வீட்டின் உண்மையான எதிரி உப்பு. ஏசி வெளி யூனிட்டின் தகடுகளைத் தொட்டுப் பார்த்தால் கையில் பொடியாக உதிரும். காப்பர் காயில், அதற்கு மேல் துருத் தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள், மூன்று மாசத்துக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள். பால்கனிக் கம்பி, கதவுக் கீல் எல்லாம் சாதாரண 304 ரக எவர்சில்வரே புள்ளி புள்ளியாகப் பழுப்பாகும், 316 என்று கேட்டு வாங்கினால் விலை கூட, ஆனால் நிற்கும். ஸ்மார்ட் பூட்டு இந்தக் காற்றுக்குத் தாங்கவில்லை, சாதாரணச் சாவிக்கே திரும்பிவிட்டேன்.

அடுத்தது மணல். பீச்சிலிருந்து நேராகக் குளியலறைக்குப் போய்க் காலைக் கழுவுவார்கள், உடம்பிலிருந்தும் துணியிலிருந்தும் மணல் கொட்டும், தரை ஜாலிக்குக் கீழே இருக்கிற கிண்ணத்தில் போய்த் தங்கும். வாரா வாரம் எடுக்காவிட்டால் கெட்டியாகி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் வடியாமல் படுக்கையறை வரை வரும், அன்றைக்குப் பிளம்பர் கிடைக்க மாட்டார். அசோசியேஷனிடம் கேட்டுக் கீழே கார் நிறுத்துகிற இடத்தில் ஒரு குழாய் போட்டேன், பக்கத்தில் ஒரு வாளி, ஒரு சொம்பு, "காலைக் கழுவிவிட்டு மேலே வாருங்கள்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு போர்டு. சில நூறு ரூபாய் சமாசாரம். வீட்டில் செய்த எந்தச் செலவும் இந்த அளவுக்குப் பலன் தரவில்லை.

விரிப்பு எல்லாம் வெள்ளை, பருத்தி. வெள்ளை அழுக்குத் தெரியுமே என்பார்கள், தெரியத்தான் வேண்டும், பிளீச் போட்டு எடுக்கலாம். கலர் விரிப்பில் மருதாணிக் கறை பட்டால் அதோடு சரி. கட்டிலுக்கு மூன்று செட், ஒன்று விரிப்பில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மெத்தைக்குத் தண்ணீர் புகாத உறை கட்டாயம், சின்னப் பிள்ளைகள் வருவார்கள். தலையணை மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை புதிது, அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

காகித வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விவரத்துக்கு ஆடிட்டரைப் பாருங்கள். வீட்டு மின் இணைப்பில் இரண்டு மாசத்துக்கு 100 யூனிட் இலவசம் வாங்கிக்கொண்டு நாள் வாடகை நடத்தக் கூடாது, வணிக இணைப்பாக மாற்ற வேண்டும். வேறு காரியத்துக்குப் பயன்படுத்தியது தெரிந்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவில் இரட்டிப்புக் கட்டணம் போடுவார்கள். வெளிநாட்டு பாஸ்போர்ட் வைத்திருப்பவர் வந்தால், அவர் நம்மைவிட நல்ல தமிழ் பேசினாலும், 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் விவரம் பதிய வேண்டும், முன்பு ஃபார்ம் சி என்று சொன்னது இதைத்தான். பிரான்ஸ் குடும்பம் வந்தால் வீட்டில் ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கும். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழே இருந்து பதிவும் இல்லை என்றால், தளத்தின் வழியாக வரும் புக்கிங்குக்குத் தளமே வரி வசூலித்துக் கட்டிவிடும். ராத்திரிக்கு 7,500 வரை உள்ள அறைக்கு 12 சதவீதமாக இருந்தது 2025 செப்டம்பர் 22-லிருந்து 5 சதவீதம் ஆகிவிட்டது, இதில் வாடிக்கையாளருக்கு விலை குறைந்தது நமக்கும் நல்லதுதான். வருமான வரியில் இது பொதுவாகத் தொழில் வருமானம், மாச வாடகைக்குக் கிடைக்கிற 30 சதவீதக் கழிவை இதில் எதிர்பார்க்க வேண்டாம், அதற்குப் பதில் செலவுகளைக் காட்டலாம், அதனால் பில் எல்லாம் எடுத்து வையுங்கள். ஹோம்ஸ்டே என்று சுற்றுலாத் துறையில் பதியலாமே என்பார்கள். மத்திய அரசின் அந்தத் திட்டம் உரிமையாளர் குடும்பத்தோடு அதே இடத்தில் குடியிருக்க வேண்டும் என்கிறது. பூட்டிக் கிடக்கும் ஃப்ளாட் அதில் சேராது.

மழைக்காலம் தனிக் கதை. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில்தான் கரையைக் கடந்தது, ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. அந்த வாரம் புக் செய்திருந்தவர்களுக்குக் கேட்பதற்கு முன்பே முழுப் பணத்தையும் திருப்பிவிட்டேன். விதிப்படி பாதி பிடித்துக்கொள்ளலாம் என்று தெரிந்தவர்கள் சொன்னார்கள். பிடித்தால் அந்த ஆள் மறுபடி வர மாட்டார், அவர்களில் ஒரு குடும்பம் பொங்கலுக்கு வந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடு வரை வரவு பாதியாகும் என்று வைத்துக்கொண்டு, ஏசி சர்வீஸ், பெயின்ட், சுவர் ஈரம் எல்லாவற்றையும் அந்த இடைவெளியில் முடிப்பதுதான் சரி. டிசம்பர் 24-லிருந்து ஜனவரி 1 வரை விலையை இரண்டரை மடங்கு வைத்தாலும் ஆள் வரும். ஆனால் 31-ஆம் தேதி ராத்திரிக்கு மட்டும் யாருக்கும் கொடுக்க மாட்டேன், குறைந்தது நாலு ராத்திரி, குடும்பம். அன்றைக்குச் சம்பாதிக்கிற பத்தாயிரம் ஜனவரி இரண்டாம் தேதி சோஃபா வாங்கப் போய்விடும்.

என் அலுவலகத்தில் ஒருவர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, லோன் போட்டு அங்கே ஒரு ஃப்ளாட் வாங்கி நாள் வாடகையிலேயே இஎம்ஐ கட்டிவிடலாமா என்றார். 40 லட்சம், எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாசம் 34,700 வரும். நல்ல மாசத்தில் நிற்பது 15,250. எனக்கு லாபம் என்று சொல்வதெல்லாம் லோன் இல்லாத, ஏற்கெனவே இருக்கிற வீட்டில்தான். அவர் இப்போது வேறு யோசனையில் இருக்கிறார், வேறொருவர் வீட்டை மாச வாடகைக்கு எடுத்து நாள் வாடகைக்கு விடலாமா என்று. எடுக்கலாம், உரிமையாளர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால். இதுவரை மூன்று உரிமையாளர்களிடம் கேட்டுவிட்டார், மூன்று பேரும் "நாங்களே விட்டுக்குறோம் சார்" என்று சொல்லியிருக்கிறார்கள்.